வாசலில் ஒட்டிய இருதயம்

நாட்டு மக்களின் இருதயத்தைக் காப்பாற்றியே தீருவது என்று டெல்லியில் முடிவானபோது அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று நமக்குத் தெரியாது. முடிவு மட்டும் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. அங்கே அதற்குப் பெயர் மாற்றினார்கள். பிறகு மதுரைக்கு வந்து, தல்லாகுளத்தில் ஒரு மாடி அலுவலகத்தில் கொஞ்ச காலம் படுத்து எழுந்தது. கடைசியில் எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குள் அது நுழைந்தபோது பாண்டீஸ்வரியின் தோளில் தொங்கும் நீலப் பையாக இருந்தது. பைக்குள் ஒரு பிரஷர் மிஷின், ஒரு சுகர் மிஷின், மாத்திரை அட்டைகள், ஒரு குடை. குடை மட்டும் அவளுடைய சொந்தச் செலவு.

பாண்டீஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை என்று இரண்டு நாள் குறைபட்டுவிட்டுத் திரும்பிப் போவான். மகளிர் குழுவில் எழுந்து நின்று பேசுகிறாள், செல்போனில் தமிழில் டைப் அடிக்கிறாள் என்ற இரண்டு குற்றங்களுக்காக அவளை இந்த வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். பிரஷர், சுகர் பார்க்க வேண்டும். அளவு கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மாதாமாதம் வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

முதல் மாதம் ஊர் அவளை ஒரு விளையாட்டுச் சாமானாகப் பாவித்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் ஒருவர் கையில் மிஷின் பட்டையைச் சுற்றினால் சுற்றிலும் கூட்டம் கூடும். எண் வந்ததும் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி மார்க்கை ஒப்பிடுவார்கள். நூற்று அறுபது வாங்கியவன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து போவான். நூற்று இருபது வாங்கியவனைப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடுடா, ரத்தமே ஓடக் காணோம் என்பார்கள். குறைவாக வாங்குவதுதான் பாஸ் என்று அவள் தொண்டை கட்டும் வரை சொன்னாள். அது எந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம் என்று கேட்டார்கள்.

பைமேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒருவர் சந்தேகம் கேட்டார்.

“தொற்றா நோயின்னு போட்ருக்கே தாயி. அதான் தொத்தாதுல்ல. பெறகு எதுக்கு நீ வீடு வீடா வார?”

இதற்குத் தல்லாகுளத்தில் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் பதில் இல்லை. உப்பைக் குறைக்கச் சொல்லும் பக்கம் இருந்தது. உப்புக்கண்டமும் கருவாடும் ஊறுகாயும் முப்பாட்டன் சொத்தாக இருக்கும் ஊரில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். வாசித்தாள். உப்பில்லாத கஞ்சியை நீ முதலில் குடித்துக் காட்டு என்றார்கள். குடித்துக் காட்டினாள். நல்லாத்தான் குடிக்கிறே, தினமும் வந்து குடி என்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு வீடு மட்டும் சரியாக அமைந்தது. அது அவளுடைய தாய்மாமன் சோணையின் வீடு.

சோணைக்கு அறுபதைத் தொட்ட வயது. கடலைக்காடு, நாலு மாடு, நல்ல உயரம், பேசினால் ரெண்டு தெருவுக்குக் கேட்கும் குரல். இவை எல்லாவற்றுக்கும் மேலே அவர் குலசாமியின் சாமியாடி. மாசி மாதம் சிவராத்திரிக்கு, பங்காளிகள் கூடி நிற்க, சாமி அவர் மேல்தான் இறங்கும். சாமியின் உடுப்பும் ஆயுதமும் இருக்கும் சாமிப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஊரிலிருந்து கோயில் வரை கொதிக்கிற வெயிலில் செருப்பில்லாமல் நடப்பவர் அவர்தான். மறுநாள் காலையில் பங்காளிகளுக்கு வாக்குச் சொல்வதும் அவர் வாயால்தான். இந்த உரிமை முன்பு அவருடைய அண்ணனிடம் இருந்தது. அண்ணன் ஒரு சிவராத்திரி அன்று பெட்டியோடு கோயில் வாசலில் சரிந்து விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. சாமி குத்தம் என்றது ஊர். என்ன குத்தம் என்று ஆளுக்கொன்றாகக் கண்டுபிடித்தது. கட்டிலில் கிடந்த மனிதரால் மறுத்துப் பேசவும் முடியவில்லை, வாய் கோணிவிட்டது. அப்படியே ஒரு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

பாண்டீஸ்வரி அந்தப் பெரிய மாமாவைக் கஞ்சி ஊட்டிப் பார்த்துக்கொண்டவள். பயிற்சி வகுப்பில் ரத்தக்கொதிப்பு என்ன செய்யும் என்று படம் போட்டுக் காட்டியபோது மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். இவள் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆகவே ஒரு மத்தியானம் சோணை ஆள் அனுப்பி அவளை வீட்டுக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்திக் கையை நீட்டியபோது அவளுக்குப் பகீரென்றது. காலையில் எழுந்தால் பின்மண்டை வலிக்கிறதாம். பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறு. மிஷின் மேல் சந்தேகப்பட்டுத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். மிஷின் நல்ல மிஷின்தான்.

டாக்டரிடம் போகலாம் என்றாள். போகலாம், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது என்றார் சோணை. எதற்காக என்று கேட்டாள்.

“எதுக்காகவா? எனக்குப் பிரசர் இருக்குன்னு அந்தக் கருப்புப் பயலுக்குத் தெரிஞ்சுதுன்னு வையி. ஆடுறது சாமியில்ல, பிரசருதேன்னு ஊரெல்லாம் சொல்லிப்புட்டு, பெட்டியத் தூக்கி அவந் தலையில வச்சுக்கிருவான்.”

கருப்பு என்பவர் சோணையின் சித்தப்பா மகன். பங்காளி. அடுத்த உரிமைக்காரர். பல வருஷமாகச் சோணைக்குப் பக்கத்தில் நின்று, சாமி தவறிப் போயாவது தன் மேல் இறங்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். ஆள் நெடுநெடுவென்று பனைமரம் மாதிரி. பாண்டீஸ்வரி மிஷினோடு போனால், கல்லு மாதிரி இருக்கிறவனுக்கு எதுக்கு இந்தக் கண்றாவி என்று கையை இழுத்துக்கொள்வார்.

சோணை சொன்னதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தால் பதவி போய்விடும் என்று பயப்படுகிற பெரிய மனிதர்கள் டெல்லி வரைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெட்டி வேறு, அவ்வளவுதான்.

பாண்டீஸ்வரி ரகசியத்துக்கு ஒப்புக்கொண்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சோணை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மனைவி முருகம்மாளுக்குத் துணையாக வந்தவர் போல வந்தார். அங்கே டாக்டர் ஆஷ்லின் என்ற இளம்பெண், நாகர்கோவில் பக்கத்துக்காரி, அவரைச் சோதித்து வெள்ளை மாத்திரை ஒன்று எழுதினாள். தினமும் காலையில் போட வேண்டும், நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் நிறுத்தக் கூடாது என்று சொன்னாள். சோணை அந்த மாத்திரையை விபூதிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு விபூதியைக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அதோடு மாத்திரையும் போனது. ஊர் கண்ணெதிரே விழுங்கினார், ஒருவருக்கும் தெரியவில்லை. சில மாதத்தில் எண் நூற்று நாற்பதுக்குள் வந்தது. மண்டைவலி போனது. முருகம்மாள் பாண்டீஸ்வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். உப்பு அதிகம் போட்ட மோர்.

இந்த நிலையில்தான் தல்லாகுளத்திலிருந்து ஒரு யோசனை கிளம்பியது.

அதைச் சொன்னவர் இன்பசேகரன். பாண்டீஸ்வரி மாதிரியான பெண்களை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி. கெட்டவர் இல்லை. நல்லவர்தான் என்பதில்தான் தொல்லையே. எதைச் செய்தாலும் முழுமனதோடு செய்வார். எல்லோரையும் தல்லாகுளத்துக்கு வரச்சொல்லி ஒரு கூட்டம் போட்டார். இருதயம் காக்கும் வாரம் வருகிறது என்றார். எண்ணெய்ப் பலகாரத்தின் தீமைகள் பற்றி ஒரு நிபுணர் பேசினார். பேசி முடித்ததும் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு உளுந்தவடையும் டீயும் கொடுத்தார்கள். வடை சூடாக இருந்ததால் நிபுணரும் சாப்பிட்டார்.

அதன் பிறகு இன்பசேகரன் கட்டுக்கட்டாக ஸ்டிக்கர்களைக் கொடுத்தார். சிவப்பு இருதயம், நடுவில் ஒரு வெள்ளை மின்னல். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவர் வீட்டு வாசற்கதவிலும் இதை ஒட்ட வேண்டும். ஒட்டி, வீட்டுக்காரரை அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்கு விழிப்புணர்வு வரும் என்றார்.

பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். சார், சில வீட்டில் வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்றாள். இன்பசேகரன் பரிவோடு புன்னகைத்தார். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தானே அம்மா ஸ்டிக்கர் என்றார். அதற்கு மேல் பேச இடமில்லாமல் அறை முழுக்கக் கைதட்டல். வடை கொடுத்த கூட்டத்தில் எதற்கும் கைதட்டுவார்கள்.

ஊருக்குத் திரும்பியவள் மற்ற வீடுகளிலெல்லாம் வாசலில் ஒட்டினாள். சோணை வீட்டில் மட்டும் பின்பக்கம் போய், மாட்டுத் தொழுவத்துக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். சோணையை நிறுத்தி, பின்னால் மாடும் தெரிய, போட்டோ எடுத்து அனுப்பினாள். அன்றைக்கே போன் வந்தது. ஸ்டிக்கர் தெரியவில்லை, மாடுதான் தெரிகிறது. இது யார் வீடு என்று இன்பசேகரன் கேட்டார். இரண்டு நாள் கழித்து அனுப்புகிறேன் சார் என்று தட்டிக் கழித்தாள். வாரம் முடியப் போகிறது என்றார் அவர்.

அவள் பக்கத்து ஊருக்கு வேலையாகப் போயிருந்த நாளில், முழுமனதோடு இன்பசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். சோணை காட்டில் இருந்தார். முருகம்மாள் மட்டும் வீட்டில். அவள் என்ன ஏது என்று கேட்பதற்குள் தெருவைப் பார்த்த கதவில், மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்த இடத்துக்குச் சற்று மேலே, சிவப்பு இருதயத்தை ஒட்டினார். தேய்த்து ஒட்டினார். முருகம்மாளைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டு, நல்லா இருங்கம்மா என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் கருப்பு வந்துவிட்டார். ஒரு வீட்டுக் கதவில் இருதயம் ஒட்டினால் என்ன அர்த்தம் என்று அதற்குள் ஊருக்கே பாடமாகியிருந்தது. விழிப்புணர்வு நன்றாகவே வேலை செய்தது.

“மதினி, கதவுல என்ன புதுசா? யாருக்கு?”

முருகம்மாளுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்றுதான்.

“எனக்குத்தேன். யாருக்குன்னு நெனச்சீக?”

கருப்பு நம்பின மாதிரி தலையாட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வந்தன. தெருப் பெண்கள் முறை வைத்து வந்து முருகம்மாளைப் படுக்கச் சொன்னார்கள். ஜென்மத்தில் தலைவலி என்று படுத்தறியாத அந்தப் பொம்பளை, பொய்யைக் காப்பாற்றுவதற்காக நட்டநடு வீட்டில் பாயை விரித்துப் படுத்தாள். அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை.

சோணை காட்டிலிருந்து வந்தார். கதவைப் பார்த்தார். அரிவாள் நுனியால் சுரண்டினார். இருதயத்தின் பாதி வந்தது, பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கம் ஒட்டியது லேசில் வராது. பாண்டீஸ்வரி ஓடிவந்தபோது அவர் விபூதிப் பையைத் தலைகீழாக உதறி, மாத்திரைகளை அவள் கையில் திரும்பக் கொடுத்தார். நாளைக்குக் காப்புக் கட்டு, இனிமேல் வெளிப்பொருள் எதுவும் வாயில் படாது என்றார். காப்பு அவிழ்த்த பிறகாவது போடுவீர்களா என்று கேட்டாள். அவர் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உள்ளே போனார்.

காப்புக் கட்டினால் சிவராத்திரி முடியும் வரை விரதம். பிற வீட்டுச் சோறு, கடைத் தண்ணீர், செருப்பு எதுவும் கிடையாது. மாத்திரையும் கடைப்பொருளா என்று சாஸ்திரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. சோணைதான் அதைப் பட்டியலில் சேர்த்தார். பாண்டீஸ்வரிக்கு அது புரிந்தது. அவர் விரதத்துக்காக நிறுத்தவில்லை. வாசலில் ஒட்டியதற்காக நிறுத்துகிறார். கோபித்துக்கொள்வதற்கு அவரிடம் இருந்தது அந்த மாத்திரை ஒன்றுதான்.

டாக்டருக்குப் போன் போட்டாள். திடீரென்று நிறுத்தினால் திரும்ப ஏறிவிடும், அதுவும் வெயிலில் பெட்டி சுமக்கப் போகிறார் என்கிறீர்கள், எப்படியாவது போட வையுங்கள் அக்கா என்றாள் ஆஷ்லின். அந்த எப்படியாவது என்பதைத்தான் எல்லோரும் அவளிடம் விட்டார்கள். இன்பசேகரனுக்கும் போன் போட்டாள். அவர் வருத்தப்பட்டார். உங்கள் செல்போன் செயலியில் ‘மறுக்கிறார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை அழுத்திவிடுங்கள், உங்கள் மேல் தவறு வராது என்றார். அவள் அழுத்தவில்லை. செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

மறுநாளும் மிஷினோடு போனாள். சோணை கையைத் தரவில்லை.

“காப்புக் கட்டுன கையில வேறொண்ணக் கட்டக் கூடாது, ஆத்தா. போ.”

இன்னொரு கை இருக்கிறதே என்றாள். அந்தக் கையால் விபூதி கொடுக்கணும் என்றார். இப்படியே சிவராத்திரி வந்தது. எண் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமலே சோணை பெட்டியைச் சுமந்தார். பாண்டீஸ்வரி குடையோடு பக்கத்தில் நடந்தாள். சாமிக்குக் குடை பிடிக்கிறாள் என்று ஊர் நினைத்தது. கோயில் வாசலில், பெரிய மாமா சரிந்து விழுந்த அதே இடத்தில், சோணையின் கால் ஒருமுறை பின்னியது. கருப்பு கையை நீட்டினார். பெட்டியைப் பிடிக்க நீட்டினாரா, ஆளைப் பிடிக்க நீட்டினாரா என்று தெரியவில்லை. சோணை சமாளித்து உள்ளே போய்விட்டார். பாண்டீஸ்வரிக்கு மட்டும் அதன் பிறகு நெஞ்சு அடங்கவில்லை. அவளுடைய பிரஷரை யாரும் பார்ப்பதில்லை.

மறுநாள் காலை வாக்குக் கேட்கும் நேரம். உறுமி முழங்கியது. சோணையின் மேல் சாமி இறங்கியிருந்தது. கண் மேலே செருகி, உடம்பு நடுங்க, கையில் அரிவாளோடு நின்றார். பங்காளிகள் வரிசையாக வந்து பிள்ளை வரம், பம்புசெட்டுத் தகராறு, வெளிநாட்டு வேலை என்று கேட்டு விபூதி வாங்கினார்கள். கருப்பு வழக்கமான இடத்தில் பக்கத்தில் நின்றார்.

வரிசையில் பாண்டீஸ்வரி வந்தாள். அவளுக்கு என்ன குறை என்று யாருக்கும் தெரியாது. ரகசியத்துக்கு ஒப்புக்கொண்டவள் அவள். இதைக் கேட்டால் மாமன் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாமல் போகலாம். கேட்காமல் விட்டால் கட்டிலில் கஞ்சி ஊட்ட வேண்டி வரும். இந்த இரண்டில் ஒன்றை அவள் இரவே முடிவு செய்திருந்தாள்.

“சாமி, ஒரு உத்தரவு வேணும். ஒன்னயச் சொமக்குற ஒடம்புக்கு டாக்டரு மாத்திரை குடுத்துருக்காக. அந்த ஒடம்பு போட மாட்டேங்குது. போடலாமா, கூடாதா?”

உறுமிக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். முருகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாமி அரிவாளைத் தரையில் ஊன்றி அவளை முறைத்தது. அவள் நகரவில்லை.

“போன தடவ ஒன்னயச் சொமந்தவுகளுக்கு நாந்தேன் கஞ்சி ஊத்துனேன். இந்த ஒடம்பும் விழுந்துச்சுன்னா அடுத்த மாசிக்கு நீ யாரு மேல எறங்குவ?”

சாமி மெல்லத் திரும்பிப் பக்கத்தில் நின்ற கருப்பைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. சாமி அப்படி ஒருமுறை பார்க்காதா என்றுதான் கருப்பு இத்தனை வருஷமாகக் காத்திருந்தார். இப்போது பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

“எம் பிள்ளைக்கு என்ன குடுக்கணுமோ குடு. என் விபூதியோட சேத்துக் குடு.”

சாமி அவள் நெற்றியில் விபூதியைப் பூசி அனுப்பியது. அதைச் சொன்னது சாமியா, சோணையா என்று கேட்டால் நமக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் அன்றைக்கு ஒரே ரத்த அழுத்தம்.

கதை இங்கே முடிந்திருந்தால் தல்லாகுளத்தில் இதற்கு ஒரு கேடயம் கொடுத்திருப்பார்கள். முடியவில்லை. ஆட்டம் அடங்கிச் சாமி மலை ஏறியது. சோணை தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பாண்டீஸ்வரி மாத்திரையை நீட்டினாள். அவர் என்ன இது என்றார். சாமி உத்தரவு என்றாள்.

“சாமி சொன்னது எனக்கு எப்படித்தா தெரியும்? நாந்தேன் அப்ப இங்கன இல்லையே.”

இதை மறுக்க முடியாது. சாமியாடிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது நினைவில் இருக்கக் கூடாது என்பது அந்தக் குலத்தின் முறை. நினைவிருந்தால் ஆடியது பொய். பாண்டீஸ்வரி அழுதுவிடுவாள் போல நின்றாள். அப்போது கருப்பு முன்னால் வந்தார்.

“ஒமக்குத் தெரியாது. நாங்க அம்புட்டுப் பேரும் கேட்டோம்ணே. சாமி வாக்க மீறுனவன் பெட்டியத் தொடக் கூடாது.”

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் கருப்பு சோணையின் வாசலில் ஆஜர். மாத்திரையை விபூதியோடு சேர்த்து வாயில் போடுகிறாரா என்று நின்று பார்ப்பார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார். ஒருநாள் மறந்தால் போதும், பெட்டி கைமாறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் வந்தார். பெட்டியை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சோணை ஒருநாளும் மறக்கவில்லை. எத்தனை சம்பளம் கொடுத்தாலும் அரசாங்கத்துக்கு இப்படி ஒரு கண்காணிப்பாளர் கிடைத்திருக்க மாட்டார். எண் இறங்க ஆரம்பித்தது. பாண்டீஸ்வரியோடு சோணை பேசவில்லை. ஆனால் கையை மட்டும் நீட்டினார்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போனவளிடம் சுகாதார நிலையத்து மருந்தகத்தில் ஸ்டாக் வரவில்லை என்றார்கள். எப்போது வரும் என்றாள். வரும் என்றார்கள். ஸ்டிக்கர் வேண்டுமானால் நிறைய இருக்கிறது என்று ஒரு கட்டை எடுத்துக் காட்டினார்கள். டெல்லியிலிருந்து ஊர் வரைக்கும் வந்து, ஒரு சாமியையே சம்மதிக்க வைத்த திட்டம், கடைசி ஒரு அட்டை மாத்திரையில் வந்து நின்றது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் வரும் என்று சொன்னாள். அவளிடம் சொன்னதையே அவளும் சொன்னாள்.

மறுநாள் காலை சோணை வீட்டுத் தொழுவத்தில் மூன்று பேர் நின்றார்கள். விபூதிப் பையில் விபூதி மட்டும்தான் இருந்தது. சோணை அதைத் திரும்பத் திரும்பத் துழாவினார். மாத்திரை வேண்டாம் என்று மல்லுக்கட்டிய மனிதர் இப்போது வேண்டும் என்கிறார், கொடுக்கத்தான் இல்லை. சாமி வாக்கு மீறிப் போகிறது. உசிலம்பட்டிக்குப் பஸ் பிடித்துக் கடையில் வாங்கி வருகிறேன் மாமா, மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள் பாண்டீஸ்வரி. சாமி காலையில் என்றுதானே சொன்னது என்று சோணை முனகினார். சாமி அப்படி நேரமெல்லாம் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத்தான் எதுவும் நினைவில்லையே.

இத்தனை வருஷம் எதிர்பார்த்த நாள் கருப்புக்கு வந்துவிட்டது. பெட்டி என்று அவர் வாயைத் திறந்தால் போதும். அவர் தொழுவத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உட்பக்கத்தில் அந்தப் பழைய சிவப்பு இருதயம் சாணித் தெறிப்போடு இருந்தது. பிறகு கருப்பு வேட்டி மடிப்புக்குள் கைவிட்டு, கசங்கிய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். பாதி தீர்ந்திருந்தது.

பாண்டீஸ்வரி வாங்கிப் படித்தாள். அதே மாத்திரை, அதே அளவு. ஆனாலும் டாக்டருக்குப் போன் போட்டுப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அதேதான், போடலாம் என்றாள் ஆஷ்லின். சோணை மாத்திரையை விபூதியோடு வாயில் போட்ட பிறகுதான் பாண்டீஸ்வரி கேட்டாள்.

“சின்ன மாமா, இது ஏது ஒங்களுக்கு?”

“மாட்டுக்கு வாங்குனது.”

சோணை வாயில் போட்ட விபூதியைக் கூட விழுங்காமல் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த மாட்டுக்குடா? நெட்டையா, மீச வச்சுருக்குமே, அதுக்கா?”

கருப்பு துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். புதன்கிழமை தவறாமல் உசிலம்பட்டி மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், ஒரு மாடும் வாங்கி வராததை யாரும் இதுவரை யோசித்ததில்லை. பாண்டீஸ்வரியின் போன் அடித்தது. இன்பசேகரன். அந்த வீட்டு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டார்களாமே, புதிதாக ஒன்று ஒட்டிப் போட்டோ அனுப்ப முடியுமா என்றார். இங்கே சிக்னல் சரியாக இல்லை சார் என்று சொல்லி வைத்துவிட்டு, பையிலிருந்து பட்டையை எடுத்தாள். கருப்பு சட்டைக் கையைச் சுருட்டினார்.

“மொதல்ல அந்தக் கதவச் சாத்து, தாயி. எம்புட்டுன்னு வாய்விட்டுச் சொல்லிப்புடாத.”

சோணை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பாண்டீஸ்வரி பட்டையைச் சுற்றினாள். எண் வந்ததும் மிஷினைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த ஊரில் இத்தனை காலத்தில் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

“நாளைக்கு ரெண்டு பேரும் எங்கூட டாக்டர்ட்ட வாரீக,” என்றாள். “ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கங்க.”